காசியம்மாளின் அண்டாவில் ஓடிய கார்

காரிமங்கலத்தில் தீர்த்தகிரி என்றால் ஆள் தெரியாது. இன்சினேரு என்றால் தெரியும். அந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். சேலத்தில் ஒரு பஸ் கொட்டகையில் கொஞ்ச காலம் சக்கரம் கழுவிவிட்டுக் காக்கி அரைக்கால் சட்டையோடு ஊர் திரும்பியவரிடம், அங்கே என்ன வேலை என்று சந்தையில் யாரோ கேட்டார்கள். "இன்ஜினீயர் வேலை" என்றார். கேட்டவன் சிரிக்காமல் தலையாட்டிவிட்டுப் போய் நாலு பேரிடம் சொன்னான். அன்றிலிருந்து சாகும்வரை அவர் இன்சினேருதான். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்.

அவர் எனக்குத் தூரத்துப் பங்காளி. அதனால் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடுவேனோ என்ற பயம் எனக்கு உண்டு. ஊரில் இருப்பவர்கள் எங்காவது தப்பு என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் விசாரித்த யாரும் அவரைப் பற்றி நல்லதாக ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

நிலம் மேட்டுக் காடு. ராகியும் கொள்ளும் விளையும். ஒரு கிணறு, அதில் தோல் சால் கட்டி எருதுகளை விட்டு நீர் இறைக்கும் கவலை. அத்தனையையும் பார்த்துக்கொண்டது அவர் மனைவி காசியம்மாள். இன்சினேரு வரப்பு ஓரமாக நடந்துபோய்க் கிணற்றை எட்டிப் பார்த்து, "இதுல மட்டும் ஒரு எஞ்சின வெச்சா" என்று ஆரம்பிப்பார். வாக்கியத்தை முடிக்காமலே சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருடம் தொப்பூர்க் கணவாயில் ஒரு பஸ் உருண்டது. யாருடைய பஸ் என்பது வேண்டாம். பேரன்மார் இருக்கிறார்கள், எனக்கு ஏன் வம்பு. கிடந்த இரும்பை விலை கொடுத்து அள்ளிக்கொண்டு போகலாம் என்று முதலாளி சொன்னதும் இன்சினேரு கவலை இறைக்கிற எருதுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எஞ்சினையும் நாலு சக்கரத்தையும் கோணிக்கொண்ட அடிச்சட்டத்தையும் இரண்டு வண்டியில் ஏற்றி வந்தார்.

காசியம்மாள் வாசலில் நின்று வண்டிகளைப் பார்த்தாள். பிறகு தொழுவத்தைப் பார்த்தாள்.

"ஒத்த எருத வெச்சி நான் எப்படிங்க கவலை ஓட்டறது? இன்னொரு பக்கம் உங்களப் பூட்டட்டுமா?"

"இருடி. கார் கட்டப் போறேன்."

"காரு. எருத வித்துட்டு வந்து காரு. அதுக்குப் புல்லு போட வேணாம், அது ஒண்ணுதான் லாபம்."

கார் கட்டுவது என்பதை அவர் எங்கே பிடித்தார் என்றால், பெங்களூரில். பட்டாளம் இருந்த தண்டுப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன் பந்தயக் கார் வைத்திருந்தானாம். அதில் புகைக் குழாய்கள் அடியில் ஒளிந்துகொண்டு போகாமல் எஞ்சின் மூடியின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வளைந்து நின்றனவாம். அந்தக் குழாய்களைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. இருக்க இடம், பிடிக்கப் பிரேக்கு, ஊற்ற எண்ணெய் எல்லாம் அப்புறம். முதலில் குழாய்.

ஒரு விதத்தில் குழாய் வேண்டித்தான் இருந்தது. எஞ்சினின் பக்கத்தில் புகை வெளியேறும் வாய்கள் நாலு. அந்த நாலையும் ஒன்றாகப் பிடித்துக் கீழே இறக்கும் வார்ப்பிரும்புக் கூடு, பஸ் உருண்டபோதே நொறுங்கிவிட்டது. புதிதாக ஒன்று செய்தால்தான் எஞ்சின் ஓடும். நஞ்சப்ப ஆசாரியின் கொல்லுப் பட்டறைக்குப் போனார். ஆசாரி கலப்பைக் கொழுவும் வண்டிப் பட்டையும் அடிப்பவர். வாய் ஓயாதவர்.

"நாலு ஓட்டைக்கும் ஒரே குழாய அடிச்சி வெச்சுடலாம் கவுண்டரே. புகைதானே. போற வழி தெரிஞ்சாப் போயிரும்."

"ஆசாரி, உனக்குக் கொழுதான் தெரியும். நாலு சிலிண்டரும் நாலு பங்காளி மாதிரி. ஒருத்தனுக்கு நீளக் குழாய், ஒருத்தனுக்குக் குட்டைக் குழாய்னு குடுத்தா உள்ளாற சண்டை வந்துரும். நாலும் ஒரே நீளம் இருக்கணும்."

"பங்காளிச் சண்டை நீளத்தாலயா வருது. வாயால வருது. அதுக்கு எங்கிட்ட அளவு இல்லீங்க."

நாலும் ஒரே நீளம் என்று அவர் சொன்னது சரி. இயந்திரத்தைப் பற்றி அவர் வாழ்நாளில் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான். அதையும் பெங்களூரில் எவனோ சொல்லக் கேட்டிருந்தார்.

இரும்புக் குழாயை வெறுமனே காய்ச்சி வளைத்தால் வளைகிற இடத்தில் நசுங்கிப்போகும். உள்ளே மணலைக் கெட்டித்து, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, பிறகு உலையில் வைக்க வேண்டும். இதையும் பெங்களூரில் கேட்டு வந்திருந்தார். மணல் காய்ந்திருக்க வேண்டும் என்பதைக் கேட்காமல் வந்திருந்தார். ஆசாரிக்கும் தெரியாது, அவர் அதுவரை குழாய் வளைத்தவரில்லை. அன்று காலை ஓடையிலிருந்து அள்ளி வந்த மணலை அப்படியே கெட்டித்து உலையில் வைத்தார்கள். ஆசாரி துருத்தியை மிதித்தார். குழாய் சிவந்தது. உள்ளிருந்த ஈரம் ஆவியாகி, அடைத்திருந்த கட்டை வெடிபோலப் பறந்துபோய், பட்டறை மூலையில் இருந்த மோர்ப்பானையை உடைத்து, சுவரில் பட்டு விழுந்தது.

மோர் உலையை நோக்கி ஓடியது.

"பங்காளி ஒருத்தன் கோவிச்சுக்கிட்டான் போல" என்றார் ஆசாரி.

இப்படியே ஒன்றரை வருடம்; காசியம்மாள் பக்கத்துக் காட்டு எருதை இரவல் வாங்கிக் கவலை ஓட்டினாள். கடைசியில் நாலு குழாய்கள் வளைந்தன. வண்டிச் சக்கரத்துக்குப் போடும் இரும்புப் பட்டையை வெட்டி, துளையிட்டு, குழாய்களின் வாய்க்குக் காதுகளாக வைத்தார்கள். வெங்காரத்தைத் தூவிப் பித்தளையை உருக்கி மூட்டுகளைப் பற்றவைத்தார்கள். எஞ்சினில் மாட்டியபோது நாலும் மூடிக்கு வெளியே புடைத்து, கீழே ஒன்றாகச் சேர்ந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் ஊரைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. இன்சினேரு தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, பெண் பார்க்க வந்தவர் போலப் பார்த்தார். ஊரும் வந்து பார்த்தது. பன்றி படுத்துக்கொண்டு குட்டிக்குப் பால் கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்று சந்தையில் ஒரு கிழவர் சொன்னார். அந்த உவமை நிலைத்துவிட்டது.

கிளப்பிப் பார்த்தபோது சத்தம் காரிமங்கலம் மலையில் மோதித் திரும்பி வந்தது. தெருவில் கட்டியிருந்த ஆடு மாடு அறுத்துக்கொண்டு ஓடின. "பாத்தியா, பாத்தியா" என்று இன்சினேரு சத்தத்துக்கு மேலே கத்தினார். எஞ்சின் சூடேறிக் கொதிக்கும் முன் நிறுத்திவிட்டார். காரணம், அதைக் குளிரவைக்க ஒன்றும் இல்லை. எஞ்சினைச் சுற்றி ஓடிய சுடுதண்ணீர் வந்து ஆறிப்போகும் தகரத் தொட்டி பஸ்ஸோடு சப்பளிந்துவிட்டது. சேலத்தில் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று சொன்ன ஆளும் கிடைக்கவில்லை.

அந்த நிலையில்தான் மகள் ரங்கம்மாளுக்குக் கம்பைநல்லூரில் இடம் கூடியது. மாப்பிள்ளை மாதேஸ் அமைதியான பையன். அப்பா மாயவன் நிலபுலமும் நிதானமும் உள்ளவர். எதையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டார். அம்மா கண்ணம்மாள் அவரைவிட இரண்டு தடவை கூடுதலாகத் திருப்பிப் பார்ப்பவள்.

அந்த வகையறாவில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். முந்தின நாள் பெண்ணை அழைத்துப் போவார்கள். பொழுது சாய்வதற்குள் பெண் அந்த வாசலை மிதித்துவிட வேண்டும். அவளோடு அவள் அம்மாவின் வெந்நீர் அண்டாவும் போக வேண்டும். பின்னால் வேறு வண்டியில் அனுப்புவது ஆகாது. முகூர்த்தத்தன்று விடியற்காலம் அந்த அண்டாவில் காய்ந்த தண்ணீரைத்தான் பெண்ணுக்குத் தலையில் ஊற்றுவார்கள். அண்டா வராத பெண்ணை வீட்டுக்குள் அழைக்க மாட்டார்கள். கம்பைநல்லூரிலேயே செம்பு அண்டாவுக்குப் பதில் பித்தளைத் தவலையைக் கொண்டுபோன ஒரு வீட்டாரை வாசலிலேயே நிறுத்தி, பேச்சு முற்றி, பெண்ணைத் திருப்பி அழைத்துவந்தார்கள். அந்தப் பெண்ணை அதற்கப்புறம் யாரும் கேட்டு வரவில்லை. ரங்கம்மாளுக்கு அவளைத் தெரியும். சந்தையில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாளாம்.

நிச்சயத்துக்கு வந்த அன்று கண்ணம்மாள் நேராகக் குளிக்கும் மறைப்புக்குப் போய் அண்டாவை விரல் முட்டியால் தட்டினாள். ஓசையைக் காது கொடுத்துக் கேட்டாள். கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த காசியம்மாள் என்ற பெயரைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல கனம்" என்றாள். அதோடு நிச்சயம் முடிந்தது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, சந்தை நாளில் காசியம்மாள் புளி விற்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அடுப்பு மேல் அண்டா இல்லை. வாசலில், திறந்த கார் மூடிக்கு அடியில், எஞ்சினுக்கு முன்னால் அது உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. இரண்டிலும் செம்புத் தகட்டைச் சுருட்டி மூக்கு வைத்து ஈயம் பற்றவைத்தாகிவிட்டது. மூக்கையும் எஞ்சினையும் இணைக்க ரப்பர் குழாய் கிடைக்காததால் வேறொன்று மாட்டியிருந்தார். காசியம்மாள் கிட்டே போய்ப் பார்த்தாள். கவலைச் சாலின் அடியில் தொங்கும் தோல் வால். கிணற்றிலிருந்து வரும் நீரை வாய்க்காலில் விடும் அந்த வாலை இரண்டாக வெட்டி, மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்றாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

புளிக்கூடையை இறக்கிவைத்தாள்.

"எருது போச்சி. இப்போ சாலும் போச்சி. அண்டாவும் போச்சி. நான் ஒருத்திதான் பாக்கி. என்னய எங்க மாட்டப் போறீங்க?"

"அண்டா எங்கடி போச்சி. இங்கதான இருக்குது. ரெண்டு வருசமா தோல் வால்ல தண்ணி ஒரு சொட்டு ஒழுவுனதா? அதவிடக் குழாய் உண்டா?"

"அது பச்சத் தண்ணி."

"தண்ணி தண்ணிதான்."

"ரங்கம்மா வாசல்ல நிப்பா. அவங்க அண்டா எங்கம்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"ஏன்டி, பொண்ணு கார்ல வந்து எறங்கறா. தருமபுரி சுத்துப்பட்டுல எவ எறங்கியிருக்கா? காரப் பாத்துட்டு எவளாவது அண்டாவக் கேப்பாளா? வாயப் பொளந்துட்டு நிப்பாளுங்க. முகூர்த்தம் முடிஞ்சதும் கழட்டி, ஓட்டைய அடச்சிக் குடுத்துடறேன்."

ரங்கம்மாள் உள்ளே ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றுவிட்டது. கேட்டுவிட்டாள் என்று காசியம்மாளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் செய்வதற்கில்லை. அண்டாவில் இரண்டு ஓட்டை. மூன்று வாரத்தில் புது அண்டாவுக்கு வழியில்லை. இருந்தாலும் அதில் அவள் பெயர் புதிதாக வெட்டியிருக்கும், கண்ணம்மாளின் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். ஒன்று கார் ஓட வேண்டும், அல்லது மகள் சந்தையில் தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டும். அந்த மனிதரின் குழாய்களை நம்பி இருக்க வேண்டிய நிலை அவளுக்கு வந்தது.

இன்சினேரு வீட்டிலிருந்து மலையடிவாரம் வரை ஒரு தடவை ஓட்டிக்காட்டினார். தண்ணீர் சூடாவதற்குள் வீடு வந்துவிட்டது. "சொட்டு ஒழுவுனதா?" என்று தெருவெல்லாம் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அதையே சான்றாக எடுத்துக்கொண்டார்.

முப்பத்தொன்பது வைகாசியில் பெண் அழைக்க மாயவன் ஆட்களோடு வந்தார். சாப்பாடு முடிந்து வெயில் சற்றே சாய்ந்ததும் சீர் சாமான்களை வண்டிகளில் ஏற்றினார்கள். மாயவன் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அண்டாவக் காணமே சம்மந்தி?"

"அண்டா எல்லாத்துக்கும் முன்னாடி போவுது சம்மந்தி. நீங்க ஏறுங்க" என்றார் இன்சினேரு, கார் மூடியைத் தட்டிக்கொண்டே. அவருக்கே அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது, கண்ணைச் சிமிட்டினார். காசியம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

முன்னால் இன்சினேருவும் மாயவனும். பின்னால் காசியம்மாளும் ரங்கம்மாளும். கார் கிளம்பியபோது தரையும் வானமும் அதிர்ந்தன. மாயவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பின்னால் வந்த மாட்டு வண்டிகள் புழுதியில் மறைந்துபோயின. இன்சினேரு திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு சுமார் மூன்று மைல் நீடித்தது.

முதலில் ஒரு வாசனை வந்தது. மாயவன் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன சம்மந்தி, எங்கியோ ஆட்டுக்காலு வேவுற மாதிரி இருக்குது. நம்ம சமையக்காரனுங்க வழியிலயே அடுப்பு மூட்டிட்டானுங்களா?"

வெந்தது கவலை வால். வருடக்கணக்காகக் குளிர்ந்த நீரில் கிடந்து பழகிய தோல், கொதிநீர் பட்டதும் சுருங்கி, கெட்டியாகி, கட்டிய கயிற்றிலிருந்து உள்வாங்கிக்கொண்டது. இரண்டு பக்கமும் நீர் ஒழுகியது. மூடியின் இடுக்குகளில் ஆவி வந்தது. ஒரு காய்ந்த ஓடைக்கு முன்னால், புளியமரத்தடியில் கார் நின்றது. அது நின்றதும், போய்விட்டதென்று நினைத்த காது மெல்லத் திரும்பி வந்தது. மாட்டு வண்டிச் சலங்கைகள் தூரத்தில் கேட்டன. அவை அவசரப்படவில்லை.

பக்கத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாக நீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஊற்றியது ஓடையில் போனது. இன்சினேரு மூடியைப் பாதி மட்டும் தூக்கி, மாயவனுக்குத் தெரியாதபடி முதுகைக் காட்டிக்கொண்டு, துணியைச் சுற்றினார், சேற்றை அப்பினார். வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து பின்னால் நின்றன. வண்டிக்காரர்கள் இறங்கி வெற்றிலை போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்க இன்சினேரு, நாலு பங்காளியில யாரு வர மாட்டேங்கறது?" என்று ஒருவன் கேட்டான். ஆசாரியின் பட்டறைப் பேச்சு ஊரெல்லாம் பரவியிருந்தது.

நிழல் நீண்டுகொண்டு வந்தது. ரங்கம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வேறு எந்தச் சீமையில் கார் கட்டியவனுக்கும் அது வந்திருக்காது. பானை ஒழுகினால், அண்டா ஒழுகினால், எங்கள் பெண்கள் ராகி மாவைப் பிசைந்து ஓட்டையில் அப்பி அடுப்பில் ஏற்றுவார்கள். சூட்டில் அது கல் மாதிரி இறுகிவிடும். அதை அவர் பிறந்ததிலிருந்து பார்த்தவர். சீர் வண்டியில் ராகி மாவு மூட்டை இருந்தது.

"மாவு மூட்டைய எறக்கு."

"எதுக்குங்க?" என்றாள் காசியம்மாள்.

"உள்ளாற கொட்டறேன். தண்ணியோட போயி எங்க ஓட்டையோ அங்க அதுவாவே அடச்சிக்கும். வெளிய அப்பி நேரத்த வீணாக்க முடியாது."

"ஓட்டைக்கு வெளிய அப்பறதுதாங்க மாவு. உள்ளாற போட்டாக் களி."

"உனக்கு இது புரியாது. இது இன்ஜினீயர் வேலை."

மாவை அள்ளி அள்ளி அண்டாவில் கொட்டினார், தண்ணீர் ஊற்றினார், எஞ்சினைக் கிளப்பினார். உண்மையைச் சொல்ல வேண்டும்: ஒழுகல் நின்றது. ஒரு சொட்டு இல்லை. இன்சினேரு நிமிர்ந்து நின்று, மரத்தடியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லாரையும் ஏறச் சொல்லிக் காரை எடுத்தார். ஓடையில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, கொஞ்ச தூரம் போனது. பிறகு எஞ்சினிலிருந்து ஒரு புது ஓசை வந்தது. களி கிண்டும்போது பானையில் 'பொத் பொத்' என்று குமிழ் வெடிக்குமே, அந்த ஓசை. பின் இருக்கையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் அது என்னவென்று உடனே தெரிந்தது.

அண்டாவின் தட்டுமூடியைத் தள்ளிக்கொண்டு களி மேலே எழுந்து, கார் மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்தது. எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. சூட்டில் சிவந்திருந்த நாலு குழாய்கள் மேல் களி விழுந்து கருகியது. அடிபிடித்த களியின் வாசனை எல்லாருக்கும் தெரிந்த வாசனை.

மாயவன் இறங்கினார். தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியை முழுதாகத் தூக்கினார். உள்ளே பார்த்தார். குனிந்து, அண்டாவின் கழுத்தில் வழிந்திருந்த களியைத் துண்டால் துடைத்தார். புள்ளி எழுத்துகள் தெரிந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கா... சி... யம்... மாள்."

இன்சினேரு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி போவுதுன்னீங்களே சம்மந்தி. இதானா?"

காசியம்மாள் இறங்கி வந்து எதிரில் நின்றாள். "எந் தப்புங்க சம்மந்தி. அன்னிக்கே ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க வர மாட்டீங்கன்னு பயந்துட்டேன். என்னயப் பேசுங்க. பொண்ணு ஒண்ணும் பண்ணல."

"உன்னய எதுக்கும்மா பேசறது." மாயவன் வானத்தைப் பார்த்தார். "பொழுது போவுது. வண்டியில ஏத்திப் பொண்ண மட்டும் கூட்டிப் போலாம். அண்டா இல்லாம எம் பொண்டாட்டி கதவத் தொறக்க மாட்டா. இதக் கழட்டிக் களியச் சொரண்டி எடுக்கறதுக்குள்ள இருட்டிரும்."

ரங்கம்மாள் காரிலிருந்து இறங்கவில்லை. தலையைக் குனிந்தபடிதான் பேசினாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"கழட்ட வேணாம் மாமா. நான் இதுலதான் ஒக்காந்திருக்கறேன். அண்டாவும் இதுலதான் இருக்குது. ரெண்டு மாட்டப் பூட்டி இழுங்க. கூடவே வரணும்னுதான வழக்கம். கூடவே வருது."

மாயவன் மருமகளாகப் போகிறவளைப் பார்த்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் பின்னால் வந்து நின்ற வண்டிக் கூட்டம் மொத்தமும் சிரித்தது.

தன் வண்டி மாடுகளை அவிழ்த்துக் கார் முன்னால் பூட்டினார். வளைவுகளில் திருப்ப யாராவது ஸ்டீரிங்கில் இருந்தாக வேண்டும். வேறு யாருக்கும் அது தெரியாது. ஆகவே கம்பைநல்லூர் எல்லைக்குள் அந்தக் காரை மாடு இழுக்க, களி வழிய, இன்சினேரு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார். அதோடு விட்டாரா என்றால், இல்லை. ஊருக்குள் நுழைந்ததிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே போனார். மாடுகள் மிரண்டன. மாயவன் முன்னால் நடந்துகொண்டே திரும்பி, "அத வுடுங்க சம்மந்தி, மாடு பயப்படுது" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை காசியம்மாள் பின்னாலிருந்து எட்டி ஹாரனின் ரப்பர்ப் பந்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மலை விளிம்பில் வெயில் ஒரு கீற்று மிச்சம் இருந்தபோது ரங்கம்மாள் அந்த வாசலை மிதித்தாள். கண்ணம்மாள் ஆரத்தித் தட்டை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுக் காரின் முன்பக்கம் போய் அண்டாவை முட்டியால் தட்டினாள். ஓசை வரவில்லை. தொப்பென்றது.

"உள்ளாற என்னமோ இருக்குது."

"களிங்க" என்றாள் காசியம்மாள்.

"சீருலயே சோறும் ஆக்கிக் கொண்டாந்துட்டீங்களா" என்றாள் கண்ணம்மாள். பெயரைத் தடவிப் பார்த்தாள். அதே பெயர். உள்ளே வரச் சொன்னாள்.

பெண்கள் சேர்ந்து கயிற்றை அறுத்து, அண்டாவைப் பிடுங்கி, சுரண்டி, புளி போட்டுத் தேய்த்தார்கள். இரண்டு மூக்கிலும் கட்டையை அடித்து, வெளியே ராகி மாவை அப்பினார்கள். விடியற்காலம் அதில் தண்ணீர் காய்ந்தது. ரங்கம்மாளின் தலைமுடியில் வெந்த தோல் வாசனை மூன்றாம் நாள் வரை இருந்தது என்று மாதேஸ் பிற்பாடு சொல்லிச் சிரித்ததுண்டு.

முகூர்த்தம் முடிந்து கிளம்பும்போது இன்சினேரு காரை இழுத்துப்போக மாடு கேட்டார்.

"அது எதுக்குங்க?" என்றார் மாயவன். "பொண்ணோட வந்தது சீரு. அண்டா எங்களது. அண்டாவோட ஒட்டிக்கிட்டு வந்ததும் எங்களதுதான்."

இன்சினேரு காசியம்மாளைப் பார்த்தார்.

"நல்ல சீருங்க சம்மந்தி. வெச்சுக்கோங்க" என்றாள் அவள்.

மாயவன் அந்த எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கிக் கிணற்றோரம் கல் மேடையில் வைத்து, சேலத்திலிருந்து பம்பு வாங்கிப் பூட்டினார். பம்பு தூக்கும் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் எஞ்சினைச் சுற்றி ஓடிவிட்டு வாய்க்காலுக்குப் போயிற்று. குளிரவைக்க வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. நாலு புகைக் குழாய்களை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். அந்தச் சத்தத்துக்குக் காட்டுப்பன்றி வராதாம். யுத்தத்தில் எண்ணெய் கிடைக்காத வருடங்களில் எஞ்சின் சும்மா நின்றது; பிறகு ஓடியது. மாதேஸ் கரும்பு வைத்தார். காரிமங்கலத்தில் காசியம்மாள் மறுபடி எருது வாங்கி, சாலுக்குப் புது வால் தைத்து, கவலையே ஓட்டினாள்.

இன்சினேருவுக்கு அதற்கப்புறம் இருந்த ஒரே வேலை பஸ் பிடித்துக் கம்பைநல்லூருக்குப் போவது. கிணற்று மேட்டில் நின்றுகொண்டு வழியில் போகிறவர்களை நிறுத்தி, "இது என் கார்" என்பார். அவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

யுத்தம் முடிந்த மறு வருடம் ஒரு காலையில் தன் பிள்ளைகளுக்குத் தலை ஊற்ற ரங்கம்மாள் அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு ஓட்டைகளும் எத்தனை முறை பற்றவைத்தும் சரியாகவில்லை. ஏழு வருடமாகத் தினமும் காலையில் ஒரு பிடி ராகி மாவைப் பிசைந்து வெளியே அப்பினால்தான் தண்ணீர் நிற்கும். அன்றும் அப்பினாள். இன்சினேரு காப்பிக் குவளையோடு வந்து அருகில் நின்று, குனிந்து பார்த்தார். சொட்டு ஒழுகவில்லை.

"பாத்தியா" என்றார். "ராகி நிக்கும்னு நான் அன்னிக்கே சொன்னேனில்ல."

ரங்கம்மாள் கையில் ஒட்டியிருந்த மாவை அண்டா விளிம்பில் வழித்தாள். விறகைத் தள்ளி வைத்துவிட்டு, "தள்ளி நில்லுங்கப்பா, புகை வருது" என்றாள்.